தகட்டு டேஷ்போர்டு: ஓட்டை, விரிசல், துரு சரிசெய்யும் முறை

பழைய ஃபியட், தொடக்க கால அம்பாசிடர், மஹிந்திரா ஜீப் போன்ற வண்டிகளில் டேஷ்போர்டு இரும்புத் தகடு. விபத்தில் அடிபட்டுக் கெட்டவை குறைவு. கை வைத்துக் கெடுத்தவைதான் அதிகம். கேசட் பிளேயருக்கு வெட்டிய செவ்வகம், ஃபேனுக்கு நான்கு ஓட்டை, கூடுதல் ஹாரன் சுவிட்சுக்கு ஒன்று, அது சரியான இடத்தில் இல்லையென்று பக்கத்திலேயே இன்னொன்று என்று முப்பது நாற்பது வருடத்தில் டேஷ் சல்லடையாகியிருக்கும். (பின்னால் வந்த மாடல்களில் உள்ள பிளாஸ்டிக், ரெக்சின் டேஷுக்கு இந்த முறை பொருந்தாது.)

பட்டறையில் கேட்டால் முதலில் வரும் பதில், “பட்டி பார்த்துடலாம்ணே.” ஓட்டைக்குப் பின்னால் வலையோ மெல்லிய அலுமினியத் தகடோ ஒட்டி, முன்னால் பட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். வண்டியை எடுக்கும் அன்று பளிச்சென்று இருக்கும். ஒரு சித்திரை வெயில் போனதும் ஓட்டை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கோடு தெரியும். காரணம் எளிது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் டேஷின் மேல்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டும். விடிகாலையில் அது 28 டிகிரி. 1.2 மீட்டர் நீள இரும்புத் தகடு இந்த ஏற்ற இறக்கத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். பட்டி அதே அளவில் நீளாது. அதோடு இன்ஜின் அதிர்வு வேறு. இரண்டும் சேரும் விளிம்பில் விட்டுப்போகத்தான் செய்யும். அதனால் ஓட்டையை இரும்பால் மட்டுமே அடைக்க வேண்டும். அடைத்த பிறகு மேல்மட்டத்தைச் சமன் செய்யத்தான் பட்டி.

தண்ணீர் வரும் வழி

டேஷின் மேல் விளிம்பில் துரு இருந்தால் தகட்டில் கை வைக்கும் முன் முன்கண்ணாடி ரப்பரைச் சோதியுங்கள். டேஷ் மேல் முகப்பவுடரைத் தூவிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் தண்ணீரைக் குறைந்த வேகத்தில், கண்ணாடியின் கீழ் விளிம்பில் தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் விட்டு, மெல்ல மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. பவுடரில் கோடு விழும் இடம்தான் ஒழுகும் இடம். பெரும்பாலும் கீழ் இரண்டு மூலைகளில் ஒன்று.

ரப்பர் இறுகி வெடித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி மாற்றுவதே நல்லது. டேஷ் வேலையும் அப்போதே நடக்கட்டும். மேல் விளிம்பில் வெல்டிங் வைக்க இடம் கிடைக்கும், தீப்பொறி தெறித்துக் கண்ணாடியில் புள்ளி விழாமலும் தப்பும்.

நம் ஊர் வண்டிகளில் துரு பிடிக்கும் இன்னோர் இடம் சாமி சிலையின் அடி. சிலையை ஸ்குரு போட்டு முடுக்கியிருப்பார்கள். தினமும் வைக்கும் மல்லிகைச் சரத்தின் ஈரம் ஸ்குரு ஓட்டைக்குள் இறங்கும். மேலே சின்னக் கொப்புளமாகத் தெரிவது, சுரண்டிப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். டேஷ் மேலேயே கற்பூரம் காட்டியிருந்தால் சூட்டில் பெயின்ட் தகட்டை விட்டு எழும்பியிருக்கும். அந்த இடத்தில் தேய்ப்பது போதாது, தகடு வரை பெயின்டை எடுக்க வேண்டும்.

கழற்றும்போது

பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். எந்த முனை பாடியில் முடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதைக் கழற்றவும். வெல்டிங் வைக்கப் போவதால் ஆல்டர்னேட்டர் இருந்தால் அதன் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வோர் ஒயருக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, மொபைலில் படம் எடுத்த பிறகே பிடுங்கவும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். லூகாஸ் முறை ஒயரிங்கில் பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த் என்று ஒழுங்கு உண்டு. ஆனால் இடையில் எத்தனை எலக்ட்ரீஷியன்கள் கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப்போட்டார்களோ!

ஸ்பீடோமீட்டரின் பின்னால் கேபிளைப் பிடித்திருக்கும் சொரசொரப்பான நட்டைக் கையால் திருகி எடுத்த பிறகுதான் மீட்டரை முன்னால் இழுக்க வேண்டும். இன்ஜின் சூட்டைக் காட்டும் வெப்ப மீட்டரைக் கவனமாகப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் அதன் பின்னாலிருந்து மெல்லிய செம்புக் குழாய் இன்ஜின் ஹெட் வரை போகும். அது ஒயர் இல்லை. உள்ளே ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். வெட்டினாலோ மடிந்து முறிந்தாலோ மீட்டர் போயிற்று. இன்ஜின் பக்கத்து முனையை (கூலன்ட் ஆறிய பிறகு) கழற்றி, குழாயை ஒரு சாண் விட்டத்துக்குக் குறையாமல் சுருட்டி, மீட்டரோடு சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். ஜீப்களில் ஆயில் பிரஷர் மீட்டருக்கும் குழாய் வரலாம். அதில் ஆயில் இருக்கும், கீழே துணி வையுங்கள்.

டேஷ் கழன்று வருமா என்பதற்கு இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். போல்ட் இருந்தால் வரும். ஒழுங்கான இடைவெளியில் சின்ன வட்டப் பள்ளங்கள் வரிசையாக இருந்தால் அது ஸ்பாட் வெல்டிங். பாடியின் ஒரு பகுதி. அதை அறுக்க வேண்டாம். வண்டியிலேயே வைத்துச் செய்யலாம். முன் சீட்டுகளை எடுத்துவிட்டு, டேஷுக்குப் பின்னாலுள்ள சணல் ஃபெல்ட், ரப்பர் எல்லாவற்றையும் அகற்றி, தரையில் ஈரச் சாக்கு விரியுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்து அரை மணி நேரமாவது வண்டியை விட்டு நகரக் கூடாது. சணல் ஃபெல்ட் வெளியில் தெரியாமலே கனன்றுகொண்டிருக்கும்.

எந்த ஓட்டை கம்பெனி ஓட்டை?

அடைக்கத் தொடங்கும் முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். சோக் நாப், வைப்பர் சுவிட்ச் இடங்களையும் சேர்த்து அடைத்துவிட்டுப் பிறகு மறுபடி துளைப்பவர்கள் உண்டு. கம்பெனியில் அச்சில் அடித்த ஓட்டையின் விளிம்பு ஒரே சீராக இருக்கும், பலவற்றில் லேசாக உள்ளே மடிந்திருக்கும். பின்னாளில் துளைத்ததில் பிசிறு இருக்கும், பின்பக்க விளிம்பில் பெயின்ட் இராது, மற்ற ஓட்டைகளோடு ஒரே கோட்டில் நிற்காது. சந்தேகம் இருந்தால் அதே மாடல் வண்டி ஒன்றில் அட்டையை வைத்து அளவெடுத்து வாருங்கள். ஜீப் டேஷில் ரிவெட் அடித்த கியர் விளக்கத் தகடுகள் இருந்தால் ரிவெட்டைத் துளைத்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அவற்றின் ஓட்டைகளை அடைக்கக் கூடாது.

அடைப்பது

வெர்னியரால் தகட்டின் கனம் பாருங்கள். வழக்கமாக 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டருக்குப் பக்கம் இருக்கும். அதே கனத்தில் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்புத் தகடு) வாங்கவும். மதுரையில் என்றால் புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகட்டு வேலை செய்யும் பட்டறைகளில் வெட்டு மிச்சம் கேட்டுப் பாருங்கள். ஒரு டேஷுக்கு ஒரு சதுர அடி போதும். ஜி.ஐ. ஷீட் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். வெல்டிங் பொட்டில் பொத்தல் விழும், அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத் தனித் துண்டு தேவையில்லை. சுற்றிலும் ஓர் அங்குலம் பெயின்டை இருபுறமும் எடுத்து, பின்னால் 3 மில்லிமீட்டர் கனச் செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்து, சிஓ2 வெல்டிங்கில் (ஒயர் தானாக வந்து உருகும் மிக் முறை) விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பொட்டுப் பொட்டாக நிரப்பலாம். செம்பு சூட்டை உடனே இழுத்துவிடுவதால் இரும்பு அதில் ஒட்டாது, தகடும் ஓட்டையாகாது. செம்புப் பட்டை இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஏசி செம்புக் குழாயைத் தட்டித் தட்டையாக்கி இரண்டு மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் ஒயர் 0.6 மில்லிமீட்டர் சிறந்தது; 0.8 பரவாயில்லை. சுத்த சிஓ2 வாயுவில் சூடும் தெறிப்பும் அதிகம், ஆர்கான் கலவை கிடைத்தால் மெல்லிய தகட்டுக்கு அதுவே நல்லது.

அதற்குமேல் பெரிய ஓட்டைக்குத் துண்டு வெட்டி வைக்க வேண்டும். கார் ஸ்டீரியோவுக்கு வெட்டிய இடம் வழக்கமாக 182க்கு 53 மில்லிமீட்டர். முதலில் வெட்டின் நான்கு மூலைகளையும் வட்ட அரத்தால் 6 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுங்கள். கூர் மூலையில் சூடு குவிந்து தகடு நெளியும், பிற்பாடு விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஓட்டையை அட்டையில் பிரதி எடுத்து, அதன்படி வெட்டிய துண்டைச் சுற்றிலும் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி அராவவும். டேஷ் முகம் வளைந்திருந்தால் துண்டையும் குழாய் மேல் வைத்து அதே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். தட்டையாக வைத்துப் பற்றவைத்துவிட்டு பிறகு வளைக்க முடியாது. துண்டைப் பின்னால் ஒட்டுப்போட்டதுபோல் மேல்மேலாக வைக்கவும் கூடாது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தேங்கித் துரு மறுபடி வரும்.

முகம் முன்பக்கத்தோடு சமமாக இருக்கும்படி காந்தத்தால் பிடித்து, நான்கு பக்க நடுவிலும் ஒவ்வொரு பொட்டு. பிறகு எதிரெதிராக மாறி மாறி. ஒரு பொட்டு வைத்ததும் அந்த இடத்தைக் கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. ஈரத்துணி வைத்துச் சட்டென்று குளிர்விப்பதைச் சில பட்டறைகளில் பார்க்கலாம். பொட்டு கடினமாகிவிடும், அடுத்து வரும் சுத்தி வேலைக்கு ஒத்துழைக்காது. இரண்டு மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் ஒரே கோடாக இழுத்து முடித்தால், டேஷ் நடுவில் உள்வாங்கி, விரலால் அழுத்தினால் டப் டப்பென்று உள்ளும் வெளியும் போய்வரும்.

அப்படி உள்வாங்குவது எதனால்? உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. சுற்றியுள்ள தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. இழுத்ததைத் தளர்த்த ஒரே வழி பொட்டைத் தட்டி நீட்டுவது. பின்னால் டாலியை (அடியைத் தாங்கும் கனமான இரும்புக் கட்டை) அழுத்திப் பிடித்து, முன்னாலிருந்து தட்டைமுகச் சுத்தியால் வெல்டிங் கோட்டின் மேல் மட்டும் அடிக்க வேண்டும். நாலைந்து அடிக்கு ஒருமுறை எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி நல்ல தகட்டில் அடித்தால் அது நீண்டு, தொல்லை வேறு பக்கம் போகும். ஆர்கான் (டிக்) வெல்டிங்கும் கேஸ் வெல்டிங்கும் வைத்த கோடு மிருதுவானது, சுத்திக்கு நன்றாக இளகும். சிஓ2 கோடு கொஞ்சம் முரடு. அதனால் முதலில் கிரைண்டரில் 80ஆம் நம்பர் ஃபிளாப் டிஸ்க் போட்டு மேடு குறைத்துவிட்டுத் தட்டவும். டிஸ்க்கை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. தகடு நீலமாகிவிட்டால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். கடைசி மேட்டை அரத்தால் எடுப்பதே பாதுகாப்பு.

விரிசலுக்கு: அதன் நுனியைக் கண்டுபிடித்து, அங்கே 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளை இல்லாமல் பற்றவைத்தால் பொட்டுக்கு அப்பால் விரிசல் தொடரும். பிறகு வழக்கம்போல் பொட்டு, தட்டு, அராவு.

வெறும் சொட்டைதான் என்றால் குளோவ் பாக்ஸைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து டாலியால் மெல்ல எழுப்பிவிடலாம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும்.

துருவும் கழுவுதலும்

துரு தின்று ஊசி ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எறிய வேண்டும், ஆசிட்டால் காப்பாற்ற முடியாது. மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ், 80 உப்புத்தாள், பிறகு பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி. கையுறை, கண்ணாடி கட்டாயம். அமிலம் உலர்ந்து போகும்படி விடாமல், டப்பாவில் சொன்ன நேரத்தில் கழுவிவிட வேண்டும். மிச்சம் தங்கினால், துருவைத் தடுக்க அடிக்கும் எபாக்ஸி பிரைமர் பிடிக்காது.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்த உப்பு தகட்டிலோ பிரைமரிலோ காய்ந்து தங்கினால், பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கடுகு கடுகாகக் கொப்புளம் எழுப்பும். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வாங்குங்கள். கழுவியதும் ஹாட் ஏர் கன்னால் உலர்த்தி, அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். பின்பக்கத்தை மறக்க வேண்டாம்: வெல்டிங் வைத்த இடத்தின் பின்புறம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

இன்னொன்று, உப்புத்தாள் போடும் முன்பே டேஷ் முழுவதையும் வேக்ஸ் ரிமூவரால் இரண்டு துணி வைத்துத் துடையுங்கள். ஒன்று நனைத்துத் துடைக்க, மற்றது உலரும் முன் ஒற்றி எடுக்க. டேஷ் பாலிஷ் ஸ்பிரேக்களில் சிலிகான் இருக்கும். துடைக்காமல் தேய்த்தால் அதைத் தகட்டுக்குள்ளேயே தேய்த்து ஏற்றுகிறோம். பெயின்ட் அடிக்கும்போது மீன் கண்போல் குழி குழியாக விலகிப் போகும்.

பட்டி

எபாக்ஸி பிரைமர் காய்ந்த பின், 180 உப்புத்தாளால் கீறிவிட்டுப் பட்டி. 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர் (பட்டியை இறுக வைப்பது) என்பது பொதுக் கணக்கு. கோடைப் பகலில் ஒன்றேகால், ஒன்றரை கிராம் போதும், அதிலும் நான்கைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். சீக்கிரம் காய வேண்டும் என்று ஹார்டனரை அதிகம் பிதுக்கினால் அது பெயின்ட் வழியாக மேலே ஊறிக் கறை காட்டும். கனம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சுத்தி வேலை முடியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போங்கள்.

பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் அது உறிஞ்சிக்கொள்ளும். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 80, 120, 180, 320 என்று போகவும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். ஊசிப் பொத்தல்களுக்கு மட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, மெல்லியதாக. அதைக் கனமாகப் போட்டால் வாரக் கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். தூசியைத் தவிர்க்க மாஸ்க் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பெயின்ட்

ஒரு டேஷுக்கு எபாக்ஸி பிரைமர், சர்ஃபேஸர் (கலருக்கு அடியில் மட்டம் கொடுக்கும் பூச்சு), கலர், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒவ்வொன்றும் 250 மில்லி தாராளம். கலர் கலக்க மாதிரி கேட்பார்கள். வெயில் படாத இடமான மீட்டர் வளையத்துக்கு அடியிலோ குளோவ் பாக்ஸ் உள்விளிம்பிலோ பாலிஷ் போட்டுக் காட்டுங்கள். டேஷ் முகத்தை வைத்துக் கலக்கினால் வெளிறிய நிறம் வரும். எஞ்சியிருக்கும் பழைய பெயின்டைத் தின்னர் துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அது என்.சி. லாக்கர். அதன் மேல் நேராக பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்தால் சுருக்கம் விழும். முழுக்க எடுத்துவிடுவதே நிம்மதி.

ஸ்பிரே கன்னில் சர்ஃபேஸருக்கு 1.7 மில்லிமீட்டர் நாசில், கலருக்கு 1.3 அல்லது 1.4. காற்று 2 முதல் 2.5 பார். கன் தூரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. சர்ஃபேஸர் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயின்டைத் தூறலாகத் தூவி, 600 வாட்டர் பேப்பரால் கட்டை வைத்துத் தேயுங்கள். கறுப்பு எஞ்சி நிற்கும் இடம் பள்ளம். கலர் இரண்டு மூன்று மெல்லிய கோட், நடுவில் பத்து நிமிடம். டேஷின் மேல்தளம் பளபளத்தால் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும். அங்கே மேட் கிளியரும் முகத்தில் பளபளப்பும் அடிக்கலாம்.

நேரம் காலை ஏழிலிருந்து பத்துக்குள். உச்சி வெயிலில் தின்னர் காற்றிலேயே பறந்து, பெயின்ட் சொரசொரவென்று விழும். வேறு வழியில்லையென்றால் ஸ்லோ தின்னர் கேளுங்கள். ஆடி மாதக் காற்றில் திறந்தவெளியில் அடிக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் லாக்கர் அடித்தால் வெள்ளை மூட்டம் படியும். பியூ பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணி மாஸ்க் அதற்கு ஒன்றும் செய்யாது. கார்பன் கேட்ரிஜ் மாஸ்க்கும் காற்றோட்டமும் வேண்டும்.

திரும்ப மாட்டுவது

இரண்டு முழு நாளாவது ஆறப்போடுங்கள். அவசரமாக மீட்டரை முடுக்கினால் ரப்பர் வளையத்தின் தடம் பெயின்டில் பதிந்துவிடும். பெயின்ட் கனத்தால் ஓட்டைகள் இறுக்கமாகியிருக்கும். மீட்டரைத் தள்ளி நுழைக்காமல் விளிம்பை 400 தாளால் லேசாக எடுங்கள். ஒயர் நுழையும் ஒவ்வோர் ஓட்டைக்கும் புது ரப்பர் கிராமெட்.

மாட்டி முடித்ததும் வரும் முதல் புகார், “பெட்ரோல் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, பல்பு மங்கல்” என்பது. மீட்டர் கெடவில்லை. மீட்டர்களுக்கும் பல்புகளுக்கும் டேஷ் தகடே எர்த்; இப்போது அதன் மேல் எபாக்ஸியும் பெயின்டும் ஏறித் தடுத்துவிட்டன. மீட்டர் பிராக்கெட் தொடும் இடத்தில் பின்பக்கம் மட்டும் பெயின்டைச் சுரண்டி நட்சத்திர வாஷர் போடலாம். அதைவிட மேல், 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் ஒன்றை எல்லா மீட்டர் கூட்டுக்கும் தொட்டு பாடிக்கு எர்த் கொடுப்பது. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் (மீட்டர்களுக்குச் சீரான மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி) உள்ள வண்டியில் அதன் கூடும் எர்த் ஆக வேண்டும். ஆகாவிட்டால் பெட்ரோல், வெப்பம் இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டும்.

பேட்டரியை மாட்டும் முன் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, மாட்டிய பின் ஒவ்வொன்றாகப் போட்டு அந்தந்தச் சுவிட்சைச் சோதியுங்கள். பாட்டு வேண்டும் என்பவர்கள் சிறிய புளூடூத் ஆம்ப்ளிஃபையரைக் குளோவ் பாக்ஸுக்குள் வைத்து, ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் பிராக்கெட்டை முடுக்கிக்கொள்ளலாம். டிரில் மெஷினுக்கு வேலை இல்லை.